இரண்டு இஞ்சு ஆறு நூல்

என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, என் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் ஒரு துணிக்கொடியும்தான். நடந்தால் முப்பது தப்படி. அவள் கூப்பிட்டிருக்கிறாள். சொம்பால் கதவைத் தட்டியிருக்கிறாள். மாவு அரைந்து முடிந்து நான் சுவிட்சை அணைத்த பிறகுதான் அந்தத் தட்டல் காதில் விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று எவ்வளவு அரிசி போட்டேன் என்று எனக்குத் தெரியுமே. அதிலிருந்து நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பு வீங்கியதோடு போயிற்று. மீஞ்சூரில் வேலையாயிருக்கும் அவள் மகன் மறுநாளே வந்து நின்றான்.

"சித்தி, உன்னிய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அம்மா இங்க தனியா கீது. மறுபடி உழுந்தா யாருக்குத் தெரியும்? ஆடி போவட்டும். ஆவணி பொறந்ததும் என்னோட இட்டுக்கினு போயிடறேன்."

அக்கா படுக்கையில் இருந்தபடியே சொன்னாள்: "மூணாவது மாடியில என்னிய கொண்டும்போயி வெச்சி இன்னாடா பண்ணப் போற? காக்கா வெரட்டவா?"

"லிப்ட்டு கீதும்மா."

"லிப்ட்டுல ஏறி எங்கடா போறது? கீழ எறங்குனா எனக்கு யாரு கீறாங்க?"

ஆடியில் வீடு மாற மாட்டோம், எங்கள் பக்கத்தில். அந்த ஒரு வழக்கத்தால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு, ஒரே வருஷத்தில் இந்த ஊருக்கு வந்த அக்கா தங்கை நாங்கள். இரண்டு பேரின் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளும் மீஞ்சூருக்குப் போய்விட்டால் அந்த முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது நாலாவது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் கும்மிடிப்பூண்டியில் டார்ச்சும் எமர்ஜென்சி விளக்கும் செய்யும் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். முதலில் அச்சிலிருந்து சூடாக விழுகிற பிளாஸ்டிக் பெட்டிகளின் ஓரத்தில் பிசிறு வெட்டினேன். அப்புறம் போர்டில் ஈயம் வைத்து ஒயர் பற்றவைக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நான் பற்றவைத்த போர்டு திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசரே மற்ற பெண்களை அழைத்து வந்து என் கையைக் காட்டுவார். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஊரில் யார் வீட்டு விளக்கு எரியாவிட்டாலும் என்னிடம்தான் வரும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற ஒன்றைக்கூடச் செய்து வைத்திருக்கிறேன்.

அதனால் அக்காவுக்கு ஒரு மணி செய்யலாம் என்று தோன்றியது. அவள் குளியலறையில் ஒரு பொத்தான், என் வீட்டில் ஒரு மணி. நடுவில் ஒயர் வேண்டாம், ரிமோட் போர்டு போதும். கிரைண்டர் ஓடினாலும் கேட்கிற அளவுக்கு அடிக்க வேண்டும். என் மகனும் மருமகளும் என்னோடுதான் இருக்கிறார்கள், பகலில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். போர்டை மருமகள் சென்னையிலிருந்து வாங்கி வந்தாள். பற்றவைத்து, ஒரு சோப்பு டப்பாவில் போட்டு, ஓட்டை குத்திப் பொத்தானை வெளியே தள்ளி, அக்காவின் குளியலறைச் சுவரில் ஒட்டினேன். முதல் நாள் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் உள்ளே தண்ணீர் போய் மணி தானாக அடிக்க ஆரம்பித்தது. நான்கு தடவை ஓடினேன். நாலாவது தடவை அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, ஓட்டப்பந்தயம் பழவுறியா?" என்றாள்.

என் மருமகள் டிப்ளமோ படித்தவள். ஒரு கம்பெனியில் அச்சுக்குப் படம் வரைகிற வேலை. நான் வெட்டின பிசிறெல்லாம் இவளைப் போல யாரோ வரைந்த படத்திலிருந்து வந்ததுதான் என்று அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னாள்: "சோப்பு டப்பா ஒத்துக்காது அத்தே. இதுக்கின்னே ஒரு பொட்டி வரையணும். எங்க கம்பெனியில சாம்பிள் அடிக்கிற மெஷினு கீது, கேட்டு அடிச்சிக்கினு வரேன். பத்து நிமிசத்துல வரஞ்சிடுவேன்."

"நீ வரைய வேணாம். எனக்குக் கத்துக் குடு," என்றேன்.

"அத்தே, ஆடி முடிஞ்சிடும்."

"முடியட்டுமே. பொட்டியில எங்க பிசிறு வரும், எங்க ஓடையும்னு உனக்குத் தெரியுமா? நான் வெட்டுனவ."

பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை நான் ஏன் பிடுங்கிக்கொண்டேன் என்றால், ஆசைதான் காரணம். அவள் வேலை செய்கிறபோது பின்னால் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லாத திரையில் ஒரு கட்டம் போடுவாள், அடுத்த நிமிடம் அது பெட்டியாக எழுந்து நிற்கும். அது எப்படி என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராத நாளும் உண்டு.

ஆடியின் முதல் ஞாயிறு. அம்மன் கோவிலில் கூழ் வாங்கி வந்து குடித்துவிட்டு, மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மவுசைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் இந்தப் பக்கம் இழுத்தால் அம்பு அந்தப் பக்கம் ஓடியது. அவள் என் கைமேல் கை வைக்க வந்தாள். வேண்டாம் என்று தட்டிவிட்டேன்.

திரையில் இருந்த பேரெல்லாம் இங்கிலீஷ். படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் இருந்தது. நானே பேர் வைத்துக்கொண்டேன். தரையில் போட்ட கட்டத்தை மேலே தூக்குவதற்குச் 'சுவர் எழுப்பறது' என்று பேர். கெட்டியாக நிற்கிற கட்டையை உள்ளே தோண்டி வெறும் ஓடாக ஆக்குவதற்குப் 'பூசணி குடையறது'. கூரான முனையை வழவழப்பாக்குவதற்கு 'முனை மழிக்கறது'. என் மருமகள் சிரித்து உருண்டாள். ஆனால் அடுத்த வாரம் அவளே, "அத்தே, மொதல்ல சுவரு, அப்பால பூசணி, கடைசியா மழிங்க. முன்னாடியே மழிச்சிங்கன்னா உள்ள கொழம்பிக்கும்," என்றாள்.

எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமாக இருந்தது பெட்டியைப் புரட்டிப் பார்ப்பதுதான். எத்தனையோ வருஷம் பெட்டிகளைக் கையில் வைத்திருந்தேன். அது எனக்கு வருகிறபோதே பிறந்துவிட்டிருக்கும். சூடு ஆறியிருக்காது, அவ்வளவுதான். இங்கேயோ இன்னும் பிறக்காத ஒன்றைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன், நடுவில் அறுத்து வயிற்றைப் பார்த்தேன், அறுத்த இடம் மறுபடி ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூ இறங்குகிற தூண்கள் நான்கும் உள்ளே மூலைக்கொன்றாக நின்றன. இந்தத் தூண்களின் அடியில்தான் வெடிப்பு வரும், எங்கள் கம்பெனியில் வாராவாரம் கூடை நிறையக் கழிப்பார்கள். ஏன் வருகிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொன்னதில்லை. திரையில் தூணின் அடி பெட்டித் தரையைச் சேருகிற மூலை கத்திபோலக் கூராக நின்றதைப் பார்த்ததும் கேட்டேன்: "இந்த எடத்துல கொஞ்சம் மழிச்சா வெடிக்காது இல்ல?" மருமகள் என் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தான் அத்தே எங்கள ஒரு வருசம் படிக்க வெச்சாங்க," என்றாள்.

இன்னொன்று, தப்புப் பண்ணினால் திரும்பிப் போகிற வசதி. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்தது இல்லையென்றாகிவிடும். கம்பெனியில் கத்தி கொஞ்சம் சாய்ந்து பெட்டியைக் கீறிவிட்டால் பேச்சு வாங்குவோம். இங்கே யாரும் திட்டவில்லை. முதல் வாரம் வேண்டுமென்றே தப்புப் பண்ணித் திரும்பிப் போய்ப் பார்த்தேன், ஐந்தாறு தடவை.

அளவு போடுகிற நேரம் வந்தது. "மில்லிமீட்டர்ல போடலாம் அத்தே," என்றாள். மில்லி எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரர் தச்சர். அவருடைய இரும்பு டேப்பில் இஞ்சும் நூலும்தான் எனக்குத் தெரியும். இஞ்சுக்கு எட்டு நூல். சொன்னதும் கம்ப்யூட்டரை இஞ்சுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவள் துணி துவைக்கப் போனாள். நான் அவர் டேப்பால் போர்டை அளந்தேன். நீளம் இரண்டு இஞ்சு ஆறு நூல். உள்ளே போய் வர ஒரு நூல் தாராளமாக விட்டேன். ஆக இரண்டு இஞ்சு ஏழு நூல். என் வீட்டுக்காரர் மரத்தின்மேல் பென்சிலால் முதலில் இஞ்சை எழுதி, ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் நூலை எழுதுவார். அதேபோல 2.7 என்று போட்டேன். அகலத்தையும் அப்படியே போட்டேன். பெட்டி எழுந்து நின்றது. மூடியும் தனியாக வரைந்தேன். என் கையால் செய்தேன், யாரும் தொடவில்லை.

புதன்கிழமை பெட்டி வந்தது. மெஷின் அதைச் செய்கிறதை மருமகள் போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஜாங்கிரி பிழிகிற மாதிரி ஒரு மூக்கு சுற்றிச் சுற்றிப் பிளாஸ்டிக்கைப் பிழிந்துகொண்டே போகிறது, அடுக்கடுக்காகப் பெட்டி வளர்கிறது. அச்சும் இல்லை, பிசிறும் இல்லை. ஆரஞ்சு நிறம், ஏனென்றால் அவர்களிடம் அதுதான் மீந்திருந்தது. அக்காவையும் கூட்டிவைத்துக்கொண்டு, போர்டை எடுத்து உள்ளே வைத்தேன். போகவில்லை. சாய்த்து வைத்தேன், திருப்பி வைத்தேன். ஒரு மில்லியோ அதற்குக் கொஞ்சம் மேலோ இடித்தது.

அக்கா பெட்டியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "விபூதி போட்டு வெச்சிக்கறேன், குடு," என்றாள்.

"மெஷின்ல எதுனா சுருங்கியிருக்கும் அத்தே," என்று மருமகள் எனக்காகப் பேசினாள். "நான் வேணா வரஞ்சிடட்டுமா? ரெண்டு ஞாயித்துக்கெழமதான் பாக்கி."

அன்று அவளிடம் கொடுத்திருந்தால் சுலபம். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். விபூதி என்று கேலி பேசின வாய், ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒரு நாள் டைம் குடு," என்றேன்.

மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்தேன். ஒரு நூல் கூடுதலாக விட்டும் எப்படிக் குறையும்? சுருங்குகிற பிளாஸ்டிக்கை நான் பார்த்திருக்கிறேன். இப்படிச் சுருங்கினால் மூலை வளையும். இது வளையவில்லை. நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் எல்லாம் என்னிடம் இல்லை. டேப்பைப் பெட்டிக்குள் விட்டு அளந்தேன். உள்ளே இரண்டு இஞ்சு ஐந்து நூலும் கொஞ்சமும் இருந்தது. ஏழு போட்டேன், ஐந்தரைதான் இருக்கிறது. மற்ற நூலெல்லாம் எங்கே போயிற்று?

ஒரு சோதனை செய்து பார்த்தேன். திரையில் ஒரு கோடு போட்டு .4 என்று கொடுத்தேன். நாலு நூல், அரை இஞ்சு. பக்கத்தில் ஓர் இஞ்சுக் கோடு போட்டேன். நாலு நூல் கோடு பாதிக்கு வரவில்லை. .5 என்று மாற்றினேன். சரியாகப் பாதியில் வந்து நின்றது. அந்தக் கம்ப்யூட்டருக்கு நூல் என்றால் என்னவென்றே தெரியாது. அது ஓர் இஞ்சைப் பத்தாக அறுக்கிறது, என் வீட்டுக்காரர் எட்டாக அறுத்தார். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்சு. முக்காலை அதற்கு .75 என்று சொல்ல வேண்டும். நானோ ஏழு நூலென்று நினைத்து அதனிடம் முக்காலுக்கும் குறைவாகக் கேட்டிருக்கிறேன். கேட்டதை அது ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறது.

நான் சிரித்த சிரிப்பு அக்கா வீட்டுக்கே கேட்டிருக்கும். சாயந்திரம் மருமகளிடம் சொன்னேன், தலையைக் குனியாமல்தான். "மெஷினு சுருங்கல. உன் மாமனார் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் ஒத்துப்போவல." அவள் எட்டு நூல் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அலமாரியிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஒருபக்கம் மில்லி.

இரண்டாவது பெட்டியில் போர்டு அலுங்காமல் உட்கார்ந்தது. மூடி மூடியது. பொத்தான் வெளியே மூக்கை நீட்டியது. அக்காவை அழைத்து, "அழுத்து," என்றேன்.

அவளால் முடியவில்லை. அவள் கைவிரல்கள் முடக்குவாதத்தில் மடங்கிப்போனவை. நிமிராது. எனக்கு அது தெரியும், தினமும் பார்க்கிற கை. ஆனால் பெட்டி வரைகிறபோது போர்டை அளந்தேனே தவிர, அவள் கையை அளக்கவில்லை. இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை, "வலிக்குதுடி," என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கழுத்துல மாட்டிக்கிறியா? பெருசா ஒரு பொத்தான் வெச்சிக் குடுக்கறேன்."

"நான் இன்னா மாடா, கழுத்துல மணி கட்டுறதுக்கு?"

நான் பேச்சை மாற்றிக் கேட்டேன்: "அக்கா, அன்னிக்கு நீ எப்டி உழுந்து கெடந்த? காட்டு."

அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே அதுதான் முதல் தடவை. குளியலறை காய்ந்திருந்தது. ஒரு பாயை விரித்தேன். முனகிக்கொண்டே படுத்தாள், வலது பக்கம் சாய்ந்து. "இந்தக் கை அடியில மாட்டிக்கினு இருந்துது. இந்தக் கைதான் வெளிய." அந்தக் கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்குமேல் போகவில்லை. நான் சோப்பு டப்பாவை ஒட்டியிருந்தது நின்றுகொண்டு தொடுகிற உயரத்தில். விழுந்தவளுக்கு எதற்கு அந்த உயரம்? "இப்ப இந்தச் செவுத்த அடிக்கணும்னா எதால அடிப்ப?" என்றேன். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மேட்டால் தட்டினாள். நல்ல பலம் இருந்தது.

ஸ்கேலை வைத்து அந்த மேட்டை அளந்தேன். மில்லியில்தான். அவள் கூச்சப்பட்டுச் சிரித்தாள். "ஜாக்கெட்டு தைக்கப் போறியாடி?"

அந்த மேடு எந்தப் பொத்தானையும்விடப் பெரியது. மூடி அளவுக்கு இருந்தது. அப்படியென்றால் மூடியே பொத்தானாக இருந்தால் என்ன? ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று. ஸ்க்ரூவை இறுக்கினால் மூடி அசையாது. தளர்த்தினால் தண்ணீர் போகும். எங்கள் கம்பெனி விளக்கில் சுவிட்சுக்குமேல் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அமுங்கும், தண்ணீரும் விடாது. அது நினைவுக்கு வந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் தண்ணீரையும் தடுக்கும், அமுக்கினால் திரும்பவும் எழும்பும். மூடியின் நாலு ஓட்டையையும் ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக்கினேன், மேலும் கீழும் போய்வர. எவ்வளவு பெரிதாக என்று மருமகளைக் கேட்டேன். "தெரியல அத்தே, மூணு விதமா போட்டுப் பாக்கலாம்," என்றாள். அவளுக்கே தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். மூன்று மூடி அடித்து வந்தாள். நடு மூடி சரியாக அமுங்கி உள்ளே இருந்த பொத்தானைத் தட்டியது. ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றி, திறந்து, விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது.

ஆடியின் கடைசி ஞாயிறு கூழ் வார்க்கிற அன்று அக்கா மகன் வந்தான், வெள்ளை வேட்டியில். சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த ஆரஞ்சுப் பெட்டியைப் பார்த்தான்.

"சித்தி, இது வெளையாட்டு சாமான் மாதிரி கீது. அவசரத்துல வேல செய்யுமா?"

"உங்கம்மாவ உழ வெச்சிப் பாக்கவா?" என்றாள் அக்கா.

"சும்மா இரும்மா. பேஜாரு பண்ணாத."

"அப்ப நீ உழுந்து பாரு," என்றேன் நான்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் வேட்டியை மடித்துக்கட்டி உள்ளே போனான். நான் என் வீட்டுக்குப் போய், கிரைண்டரை வெறுமனே ஓடவிட்டுக் காத்திருந்தேன். மணி அடித்தது. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே, நல்ல கூர்மையாக. நான் முருங்கையைத் தாண்டி ஓடினேன்.

அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் சாய்ந்து, ஒரு கை அடியில் மாட்டியபடி, அம்மா காட்டியதுபோலவே கிடந்தான். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தச் சொம்பு. கதவின் கீழ்ப்பக்கத்தில் அது தட்டின அடையாளம் இன்னும் இருந்தது, அவன் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"எவ்ளோ நேரம்மா கெடந்த?" என்று கேட்டான்.

"மாவு அரையற நேரம்," என்றாள் அக்கா. அவளும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். கூழ் குடித்தான். கிளம்புகிறபோது, "ஐப்பசி மழ ஆரம்பிக்கட்டும், அப்ப ஒருதபா வந்து பாக்கறேன். தண்ணி உள்ள போவாம இருந்தா அம்மா இங்கியே இருக்கட்டும்," என்று என்னிடம் சொன்னான். பைக் தெருமுனை திரும்புகிறவரை அக்கா நின்று பார்த்தாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ உழுந்தா எனக்கு எப்டிடி தெரியும்?"

"நான் ஏன் உழுவறேன்?"

"போன மாசம் புதுவாயல்ல மருந்துக்கடையாண்ட தல சுத்துச்சின்னு சொன்னியே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவள்தான் மறந்திருப்பாள் என்று இருந்தேன். எனக்குப் பெட்டி வேண்டும் என்று அந்த ஒரு மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. விழுகிறவள் அவள், ஓடுகிறவள் நான், அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன்.

மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழைய பெட்டி அப்படியே இருந்தது. அதை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிற வழியை மருமகள் காட்டினாள். என் விரல்கள் நிமிரும், நன்றாகவே நிமிரும். எனக்குச் சின்னப் பொத்தானே போதும், மூடி அமுங்க வேண்டியதில்லை. மூடியின் ஓட்டைகளைச் சின்னதாக்க அம்பைக் கொண்டுபோனேன். அக்காவின் விரல்களும் ஒரு காலத்தில் நிமிர்ந்தவைதானே. மாற்றாமல் விட்டுவிட்டேன்.

"இதுக்கு இன்னா பேரு வெக்கிறது அத்தே?" என்றாள் மருமகள். முதல் பெட்டிக்கு 'அக்கா' என்று அவள்தான் அடித்திருந்தாள்.

"நானே அடிக்கறேன், நகரு," என்று சொல்லி, எழுத்தைத் தேடித் தேடி, 'தங்கச்சி' என்று அடித்தேன்.